தூண்டிலைத் தடை செய்தால் கொக்கு பிழைக்குமா?

வாசகர் கேள்வி, 2024 நவம்பர் 9

கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் நடக்கப் போகிறவன் நான். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தில் ஒரு கொக்கு தூண்டில் நரம்பில் தலைகீழாகத் தொங்கிச் செத்திருந்தது. குளத்தில் தூண்டில் போடுவதையே அடியோடு தடை செய்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் இது. ஏன் யாரும் பேசுவதில்லை?

2024 நவம்பர் 10

ஒரே நாளில் தீராது. தடை போட்டால் தூண்டில்காரன் விடிவதற்கு முன்பே வருவான். இருட்டில் தூண்டில் முள் எங்கே சிக்கியது என்று தெரியாமல், வழக்கத்தைவிட இரண்டு முழம் கூடுதலாக நரம்பை அறுத்துவிட்டுப் போவான்.

நானும் தூண்டில்காரன்தான். வயது ஐம்பத்திரண்டு, லேத் பட்டறை வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் குளம். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் எல்லாவற்றிலும் ஜிலேபி மீன் பிடித்திருக்கிறேன். கரையில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் யார் என்று தெரியுமா? சுமை தூக்குகிறவர், பெயின்டர், இரவு ஷிப்டு முடித்துவிட்டு நேரே வருகிற செக்யூரிட்டி. இரண்டு கிலோ ஜிலேபி கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் குழம்பு. குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்துப் பரிசலில் வலை போடுகிறவர்களே இவர்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். நடக்க வருகிறவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

நீங்கள் சொன்ன அந்தக் கொக்கை நானும் பார்த்தேன், மடையான். வயிறு கலங்கியது, மறுக்கவில்லை. நைலான் நரம்பு 600 ஆண்டுகளுக்கு மட்காதாம். ஆனால் குற்றவாளி மூங்கில் கழிக்காரன் அல்ல. புதிதாக ரீல் கம்பு வாங்கிக்கொண்டு, முள்ளை எங்கே வீசுகிறோம் என்று தெரியாமல் வீசுகிற பையன்கள்தான் முக்கால்வாசி. நான் நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் போடுகிறேன். பறவையோடு நரம்பை அறுத்துவிட்டதாக ஒரு நாளும் இல்லை.

2024 நவம்பர் 11

மடையான் இல்லையாம். படம் எடுத்து வைத்திருந்த நண்பர் பெரிதாக்கிக் காட்டினார். பழுப்பு உடம்பு, இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள், தடித்த மூக்கு. வயதுக்கு வராத வக்கா, அதாவது இராக்கொக்கு. பகலெல்லாம் மரத்தில் உட்கார்ந்துவிட்டு இருட்டியதும் இரை தேடக் கிளம்புகிற பறவை. வெயிலிலேயே கண்ணுக்குத் தெரியாத நரம்பு அந்த நேரத்தில் அதற்கு எப்படித் தெரியும்?

2024 நவம்பர் 17

600 ஆண்டுக் கணக்கை எங்கே பிடித்தேன் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் பிடிக்கிற இடத்தில்தான் பிடித்தேன், எல்லாரும் சொல்வதால் சொன்னேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நைலான் முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் உருவானது 1935இல். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளரின் குழு செய்தது. அந்த முதல் இழைக்கே இன்னும் நூறு வயது ஆகவில்லை. ஆக 600 என்பது யாரும் இருந்து பார்த்த கணக்கு அல்ல, மதிப்பீடு. வெயிலில் கிடக்கிற நரம்பு சீக்கிரம் வலுவிழக்கும், பட்டறைக் கூரை மேல் கிடந்த பழைய துண்டு என் கையிலேயே படக்கென்று ஒடிந்தது. தண்ணீருக்கு அடியில், சேற்றில், வெயில் படாமல் கிடப்பது அப்படி ஒடிவதில்லை. வக்காவுக்கு 600 ஆண்டு எதற்கு? ஒரு ராத்திரி போதும்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் "நீங்கள் நரம்பு என்பதை நாங்கள் தங்கூசி என்போம், அதில் பின்னிய வலைக்கு இங்கே தடை இருக்கிறது" என்று எழுதியிருந்தார். இங்கேயும் சில ஊர்களில் தங்கூஸ் என்கிறார்கள். இதே ஒற்றை இழை நைலான்தான்.

2024 நவம்பர் 24

இன்று காலை ஆறு மணிக்குச் சாக்குப் பையோடு போனேன். பட்டறையில் வேலை செய்கிற தம்பியும் வந்தான். கரையோரம் மட்டும், வாத்துகளைக் கலைக்காமல். கூடு இருக்கிற மரத்தின் பக்கமே போகவில்லை, நீங்களும் போகாதீர்கள்.

பையைப் பட்டறையில் கொட்டிப் பிரித்தபோதுதான் முதல் நாள் நான் எழுதியது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. ரீல் கம்பின் நீள நரம்பு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல் கழிக்காரர்களின் நரம்பு. குட்டை குட்டையாக, முனையில் முள்ளோடு, சிலவற்றில் தக்கையும் அப்படியே இருந்தது. ஈயத்துக்குப் பதிலாகக் கட்டிய நட்டுகள், ஒரு பழைய ஸ்பார்க் பிளக். அந்த நட்டுகளில் சில என் பட்டறையிலிருந்து போனவையாகவே இருக்கலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். கரை முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. மூன்றே இடங்கள். மதகை ஒட்டிய கற்கள், நீர் மேல் சாய்ந்த ஒரு கருவேலக் கிளை, கரையைக் கடக்கிற மின்கம்பி. கம்பியை நாங்கள் தொடவில்லை, அது மின்வாரியத்து ஆட்களின் வேலை. மீதி இரண்டில்தான் பை நிரம்பியது.

அப்படியென்றால் யாரும் சும்மா வீசிவிட்டுப் போகவில்லை. சிக்கியதால் அறுத்திருக்கிறார்கள். நரம்புக்குக் காசு கொடுத்தவன் வேண்டுமென்றே எறிவானா? சிக்கினால் இழுப்பான், வராவிட்டால் பல்லால் கடித்து அறுப்பான், மீதியைச் சுற்றிக்கொண்டு போவான். கொக்கும் அந்தக் கிளையில்தான் உட்காருகிறது. நமக்கு மீன் கிடைக்கிற இடம்தானே அதற்கும்.

ஆகவே "குப்பை போடாதீர்" பலகை இங்கே வேலை செய்யாது. குப்பை போட்டதாக எவனும் நினைக்கவில்லை. நானும் நினைத்ததில்லை.

2024 நவம்பர் 25

சிக்கினால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு. கழியை மேலே தூக்கி வெட்டி இழுக்காதீர்கள், கழி ஒடியும், நரம்பு நடுவில் அறும். ஒரு குச்சியில் நரம்பை நாலு சுற்றுச் சுற்றி, முள் இருக்கிற திசைக்கு நேர் எதிரே, நிதானமாகப் பின்னால் நடங்கள். வெறும் கையில் சுற்றினால் விரல் அறுந்துவிடும்.

இதைவிட நல்ல வழி, முள் கட்டுகிற கடைசிச் சாண் நரம்பை மட்டும் மெயின் நரம்பைவிட மெல்லியதாகக் கட்டுவது. சிக்கினால் அங்கேதான் அறும். முள்ளும் ஒரு சாண் நரம்பும்தான் போகும், மூன்று மீட்டர் போகாது. என் அப்பா இதை மீன் தப்பாமல் இருக்கவா சொன்னார், காசு தப்பாமல் இருக்கவா என்று ஞாபகமில்லை. பறவைக்காகச் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

2024 டிசம்பர் 1

நேற்று மாலை உக்கடத்தில் நடந்தது. நீளமாகத்தான் வரும்.

பெரியகுளத்துக் கரையில் ஒரு சின்ன நீர்க்காகம் கல்லோடு கல்லாகக் கிடந்தது. பறக்க எழும்புகிறது, ஒரு முழம் போய்த் தொப்பென்று விழுகிறது. இறக்கை மடிப்பில் முள் ஏறியிருக்கிறது. நரம்பு ஒரு காலைச் சுற்றிக்கொண்டு கல்லிடுக்கில் மாட்டியிருக்கிறது. அது எழும்ப எழும்ப நரம்பு இறுகுகிறது. கொக்கு, நாரை, நெடுங்கால் உள்ளான் என்று சேற்றில் நடக்கிற எல்லாவற்றுக்கும் இதே கதைதான். காலில் ஒரு சுற்று விழுந்தால் நடக்க நடக்க இறுகி, ரத்தம் போகாமல் கால் கறுத்து, கடைசியில் விரலோ பாதமோ உதிர்ந்துவிடும். ஒற்றைக்கால் கொக்கைப் பார்த்தால் தவம் செய்கிறது என்று சிரிப்போம். சிலவற்றுக்கு இருப்பதே ஒரு கால்தான்.

பக்கத்தில் இருந்த பெரியவர் என்னைத் தடுத்தார்.

"கண்ணைக் கொத்திவிடும் கண்ணு, விட்டுவிடு."

"கண்ணாடி போட்டிருக்கிறேன் ஐயா."

"கண்ணாடியையும் சேர்த்துக் கொத்தும்."

அவர் சொன்னது சரிதான். கொக்கு வகை கண்ணைக் குறி வைக்கும், நீர்க்காகத்தின் அலகு நுனியோ கொக்கி மாதிரி. தோளில் இருந்த துண்டை அதன் தலை மேல் போட்டேன். இருட்டானதும் பாதி அடங்கியது. இறக்கைகளை உடம்போடு மடக்கிப் பெரியவர் பிடித்துக்கொண்டார், "விட்டுவிடு" என்று சொன்ன அதே பெரியவர். அலகு திறக்காமல் இருக்க ஒரு ரப்பர் பேண்டு போட்டேன். முள்ளை வந்த வழியே இழுக்கக்கூடாது, நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்திருக்கும் எதிர்முனை சதையைக் கிழிக்கும். முன்னால் தள்ளி நுனியை வெளியே கொண்டுவந்து, கட்டிங் பிளேயரால் அந்த எதிர்முனையை வெட்டிவிட்டு, பிறகு பின்னால் உருவினேன். காலில் இருந்த நரம்பை நகம் வெட்டுகிற கத்தரியால் எடுத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பெரியவர் இறக்கைக்கு அடியில் இரண்டாவது சுற்றைக் காட்டினார். அதை விட்டிருந்தால் செய்ததெல்லாம் வீண்.

அப்படியே பறக்கவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் வீங்க ஆரம்பித்ததைப் பார்த்து, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்து, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம், இரக்கத்துக்கு அதில் விலக்கு இல்லை. மருத்துவர் சொன்ன இன்னொன்று: முள்ளை விழுங்கியிருந்து வாயிலிருந்து நரம்பு மட்டும் தொங்கினால் இழுக்கவே கூடாது. ஒட்ட வெட்டவும் கூடாது, வெளியே கொஞ்சம் விட்டு வைத்தால்தான் முள் எங்கே இருக்கிறது என்று அவர்களால் தேட முடியும்.

2024 டிசம்பர் 2

ரப்பர் பேண்டு போட்டதாக எழுதினேனே, அது தவறு. மருத்துவர் பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் அறுத்தெறிந்தார். நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் அலகில் வெளி மூக்குத் துளை அடைபட்டிருக்கும். தண்ணீருக்குள் மீன் பிடிக்கிற பறவைகள் அல்லவா. வாய் வழியாகத்தான் மூச்சு. அலகை இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். "காப்பாற்றுகிறேன் என்று கழுத்தை நெரித்திருக்கிறீர்கள்" என்றார். கரையிலிருந்து பெட்டி போய்ச் சேர அதிக நேரம் ஆகாததால் பிழைத்தது. அலகைக் கையால் பிடியுங்கள், நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி இருக்கட்டும். நேற்றையதை மட்டும் படித்துவிட்டு யாரும் போய்விடாதீர்கள்.

2024 டிசம்பர் 15

பழைய நரம்பைப் போடக் கரையில் பெட்டி வைக்கலாம் என்று முடிவு செய்தேன். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 2001 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. படகுத்துறையிலும் மீன்பிடிக்கிற பாலங்களிலும் பி.வி.சி. குழாய் நட்டு, பழைய நரம்பை அதில் போடச் சொல்கிறார்கள். அங்கேயும் நரம்பில் மாட்டுவது கூழைக்கடாதான், நம்முடையதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். படத்தைப் பார்த்ததும் இது லேத்காரன் வேலை என்று கை பரபரத்தது.

முதல் குழாயில் மூன்று தவறுகள் செய்தேன். வாயை வானம் பார்க்க வைத்தேன், மழையில் நிரம்பிக் கொசு முட்டையிட்டது. அடியில் ஓட்டை போட்டேன், கொசு போனது, ஆனால் திறந்த வாய்க்குள் ஓணான் விழுந்து ஏற முடியாமல் தவித்தது. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது மேல்முனையில் ஒரு வளைவுக் குழாய், வாய் பக்கவாட்டில் கொஞ்சம் கீழே பார்த்தபடி. அடியில் திருகு மூடி, அதில் மூன்று சிறு துளைகள். ஆறு அங்குல விட்டம்.

கரையில் வைக்க அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "குழாய் என்றால் குடிநீர்ப் பிரிவு" என்றார்கள். குடிநீர்ப் பிரிவில் "குப்பை என்றால் சுகாதாரம்" என்றார்கள். மூன்றாவது மேசையில் இருந்த ஒருவர் தூண்டில் போடுகிறவர். அங்கே வேலை முடிந்தது.

மூன்றாவது தவறு: குழாயில் "நரம்பு மட்டும்" என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தேன். நடக்க வந்த ஒரு அம்மா நின்று படித்துவிட்டு, "வைத்தியர் எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டார். முழங்கால் நரம்பு இழுக்கிறதாம்.

2024 டிசம்பர் 16

"தூண்டில் நரம்பு" என்று மாற்றியாகிவிட்டது. அந்த அம்மா இன்று என்னைப் பார்த்துச் சிரித்தார். வைத்தியம் கேட்கவில்லை.

2024 டிசம்பர் 22

தூண்டில் நரம்பில் எடைக்குக் கட்டுகிற ஈயக்குண்டைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், அதையும் சொல்லவேண்டும். வாத்து வகைப் பறவைகளுக்குப் பல் இல்லை. இரைப்பையில் சிறு கற்களை வைத்து அரைக்கின்றன. அடியில் கிடக்கும் ஈயக்குண்டும் அதற்குக் கல்தான். விழுங்கினால் அரைபட்டு ரத்தத்தில் கலந்து கழுத்து தொய்ந்து சாகும். இங்கிலாந்தில் அன்னங்கள் இப்படிச் செத்து விழுந்ததால் 1987இல் சிறிய ஈயக்குண்டு விற்பனையையே தடை செய்தார்கள், 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரை. அதற்குப் பிறகு அன்னங்கள் பெருகின.

முதல் கேள்வியைக் கேட்டவர் இதைப் பார்த்து "தடை வேலை செய்கிறதல்லவா" என்பார். செய்தது. ஈயத்துக்குப் பதில் வேறு குண்டு கடையில் கிடைத்தது, மீன் பிடிப்பது நிற்கவில்லை. பொருளைத்தான் தடுத்தார்கள். அந்த அளவுக்கு உங்கள் பக்கம் வருகிறேன், அதற்கு மேல் இல்லை. நான் நட்டுக்கு மாறிவிட்டேன். என்னிடம் நட்டுக்கா பஞ்சம்.

2025 ஜனவரி 16

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் போய் வந்தேன். ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் எண்ணிக் குறிக்கிறார்கள். நான் எண்ணத் தெரியாதவன், மற்றவர்கள் எண்ணும்போது தொலைநோக்கி கேட்டு நச்சரித்தேன். புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், பாம்புத்தாரா. கூழைக்கடாக்கள் கருவேல மரத்தில் பஞ்சாயத்து வைத்திருந்தன. நாங்கள் சுத்தம் செய்த கிளையில் ஒரு வக்கா. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அது எப்போதும் உட்காருகிற கிளை.

பேச்சு பட்டம் விடுகிற மாஞ்சா நூல் பக்கம் போனது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. அதற்குப் பிறகும் கழுத்து அறுபட்ட செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது, மனிதனுக்கும் சரி, பறவைக்கும் சரி. பட்டத்துக்குப் பருத்தி நூலாவது இருக்கிறது. தூண்டிலுக்குப் பருத்தி நூல் கட்டச் சொன்னால் யாரும் கட்டமாட்டார்கள். முன்பு வலையே பருத்திதான், பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டு உழைப்பைக் கூட்டுவார்கள், அப்படியும் மக்கும். மக்கியது என்பதால்தான் அதை விட்டு நைலானுக்கு வந்தோம். இப்போது மக்கவில்லை என்று அழுகிறோம்.

2025 ஜனவரி 19

முதல் குறிப்பில் ஒரு பொய் இருக்கிறது. இரண்டு மாதமாக உறுத்துகிறது.

எனக்குப் பதினான்கு வயது. சூலூர் குளம். என் முள்ளில் மாட்டிய ஜிலேபியை ஒரு நீர்க்காகம் தண்ணீருக்குள்ளேயே கவ்வி விழுங்கிவிட்டது. கழி வளைந்ததைப் பார்த்து விரால் என்று குதித்தேன். மேலே வந்தது கறுப்பாக, இறக்கையை அடித்துக்கொண்டு, பாம்பு மாதிரி கழுத்தை நீட்டி. பயந்துபோனேன். அப்பா கொஞ்ச தூரத்தில்தான் இருந்தார், கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நரம்பு போனதற்குத் திட்டுவார். அரிவாள்மணைத் துண்டு ஒன்று வைத்திருந்தேன், அறுத்துவிட்டேன். நாலு மீட்டர் நரம்போடு அது தண்ணீரை உரசிக்கொண்டு எதிர்க்கரை மரத்துக்குப் போனது. நரம்பு வெயிலில் மின்னியது. அறுந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அறுந்தது என்பதற்கும் அறுத்தது என்பதற்கும் ஓர் எழுத்துதானே வித்தியாசம்.

அந்த மரத்தில் அது தொங்கியதா என்று போய்ப் பார்க்கவில்லை. அடுத்த மூன்று மாதம் குளத்தின் இந்தக் கரையில் மட்டும் தூண்டில் போட்டேன்.

பறவை மாட்டினால் அறுக்காதீர்கள். மெதுவாகச் சுற்றி அருகே கொண்டுவாருங்கள், துண்டு போடுங்கள், இரண்டாவது ஆளைக் கூப்பிடுங்கள். ஃபுளோரிடாவில் பலகையில் எழுதி வைத்திருப்பதும் இதைத்தான். ஆனால் அவர்கள் பலகையைப் படித்து நான் இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

2025 ஜனவரி 20

"பதினான்கு வயதுப் பையன் செய்ததற்கு ஐம்பத்திரண்டில் ஏன் வருத்தம்" என்று எழுதியவருக்கு: ரீல் கம்புப் பையன்களை நவம்பர் 10 அன்று திட்டியதும் அதே ஐம்பத்திரண்டு வயது ஆள்தான். அவர்களில் இருவர் இப்போது சாக்குப் பை பிடிக்கிறார்கள். சிக்கிய முள்ளை எடுக்க என்னைவிட அவர்களுக்குத்தான் நன்றாக நீச்சல் தெரிகிறது. குளத்துத் தண்ணீர் இருக்கிற லட்சணத்துக்கு இறங்க வேண்டாம் என்று நான்தான் தடுக்கிறேன். கோடையில் தண்ணீர் வற்றும்போது நடந்தே போய் எடுத்துக்கொள்ளலாம்.

2025 பிப்ரவரி 9

குழாயின் அடிமூடியைத் திருகி முதல் முறை திறந்தோம். நரம்பு இருந்தது, இரண்டு கைப்பிடி அளவு. கூடவே பீடிக்கட்டு, பஸ் டிக்கெட், பாக்கு உறை, யாரோ ஒருவருடைய வேலைக்கு விண்ணப்பித்த கடிதம்.

இப்போது புதுச் சிக்கல். சேர்த்த நரம்பை என்ன செய்வது? பழைய இரும்புக் கடையில் எடை போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். எரித்தால் புகை நாறும், நல்லதல்ல. குப்பைத் தொட்டியில் போட்டால் வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்குப் போகும். அங்கே காகமும் உண்ணிக்கொக்கும் பருந்தும் கிளறிக்கொண்டே இருக்கின்றன. குளத்துப் பறவையைக் காப்பாற்றிக் கிடங்குப் பறவைக்கு அனுப்பிய கதையாகிவிடும். ஆகவே பட்டறையில் உட்கார்ந்து கத்தரியால் விரல் நீளத்துக்கு நறுக்குகிறோம். சுருக்கு விழாத நீளம். நறுக்கியதைப் பழைய ஆயில் டப்பாவில் அடைத்து மூடி வைக்கிறேன். டப்பா நிறைந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

உக்கடத்துப் பெரியவர் இன்று பட்டறைக்கே வந்தார். நீர்க்காகத்தை அன்று பிடித்துக்கொண்டவர். எங்கே இருக்கிறேன் என்று விசாரித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மடியிலிருந்து ஒரு தேங்காய் ஓட்டை எடுத்தார். அதில் சுற்றிச் சுற்றி, பல நிறத்தில், பழுத்துப்போன நரம்பு.

"உன் குழாய் சிங்காநல்லூரில் அல்லவா இருக்கிறது. நான் உக்கடத்தில் மீன் பிடிக்கிறேன். இதை எங்கே போட?"

பட்டறைத் தம்பி பேச்சே இல்லாமல் போய் ஆறு அங்குலக் குழாயை அளந்து வெட்ட ஆரம்பித்தான். பெரியவர் டீ குடித்தார். தேங்காய் ஓட்டைத் திருப்பித் தரவேண்டுமாம்.